வன்னியில் முதல்முறை வாக்களிப்பவருக்கு: ஆறு ஆசனங்களும் ஒரு புள்ளடியும்

ஒரு பாராளுமன்றத் தேர்தலில், வாக்கெண்ணும் மேசையில் எனக்கு எதிரே விரிக்கப்பட்ட ஒரு வாக்குச்சீட்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சீட்டின் அடியிலிருந்த வேட்பாளர் இலக்கங்களில் மூன்றின் மேல் மூன்று புள்ளடிகள், அதாவது X அடையாளங்கள். நடுங்கிய கையால், ஆனால் அழுத்தமாக, கட்டத்தின் கோட்டைத் தாண்டாமல் போடப்பட்டவை. மேலே கட்சிகளின் பெயர்களும் சின்னங்களும் இருந்த பகுதியில் ஒரு கீறல்கூட இல்லை. சுற்றி நின்ற கட்சி முகவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எவரும் மறுப்புச் சொல்லவில்லை, சொல்லவும் இடமில்லை. சீட்டு நிராகரிக்கப்பட்டவற்றின் கட்டுக்குள் போனது.

அதைப் போட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் எந்த வேட்பாளர்கள் வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. முதலில் கட்சிக்குப் புள்ளடி போட வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆசிரியன் என்பதால் தேர்தல் கடமைக்கு அடிக்கடி அழைக்கப்படுபவன் நான். இம்முறை பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்கும், வேறு மாவட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்களுக்கும், இந்தியாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கும் அந்தச் சீட்டை நினைத்தபடியே இதை எழுதுகிறேன்.

உங்கள் வன்னி எது?

பேச்சில் வன்னி என்றால் ஆனையிறவுக்குத் தெற்கே குளமும் வயலும் காடுமாகக் கிடக்கும் நிலம் முழுவதும்தான். கிளிநொச்சியை விட்டுவிட்டு வன்னியை நினைக்கவே முடியாது. ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு உரியது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்தது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பலர் தடுமாறுவது இங்கேதான். கிளிநொச்சியில் பிறந்து, திருமணமாகி மாங்குளத்துக்கு வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊருக்கும் இடையே ஏ9 வீதியில் ஒரு மணி நேரப் பஸ் பயணம்கூட இல்லை. ஆனால் அவருடைய பெயர் பிறந்த வீட்டு முகவரியிலேயே கிடந்தால் அவர் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் வாக்காளர். மாங்குளத்தில் அவருடைய வீட்டு மதிலில் ஒட்டப்பட்ட வேட்பாளர் எவருக்கும் அவரால் வாக்களிக்க முடியாது.

வன்னிக்கு ஆறு ஆசனங்கள். பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து தெரிவாகிறார்கள், 29 பேர் தேசியப் பட்டியலில் வருகிறார்கள். அந்த 196 இல் நம்முடைய பங்கு ஆறு. இந்த எண் நிலையானதல்ல. மாகாணத்துக்கு நான்கு என்று ஒதுக்கப்படும் 36 ஆசனங்கள் போக, மிகுதி 160 ஆசனங்கள் வாக்காளர் இடாப்பில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையைப் பார்த்தே பங்கிடப்படுகின்றன. யாழ்ப்பாணத்துக்கு 2010 இல் ஒன்பது ஆசனங்கள் இருந்தன. 2015 இல் ஏழாகி, 2024 இல் ஆறாகிவிட்டது. பெயரைப் பதியாமல் விடுவது உங்கள் ஒரு வாக்கை மட்டும் பாதிக்கும் விடயம் அல்ல, உங்கள் மாவட்டத்தின் ஆசனக் கணக்கையும் தொடும்.

இடாப்பில் பெயர்

எல்லாவற்றுக்கும் முந்திய வேலை இது. தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பயனில்லை. அந்தத் தேர்தலுக்கு எந்த இடாப்பு என்பது அதற்கு முன்னரே முடிவாகியிருக்கும்.

வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. உங்கள் பிரிவுக் கிராம அலுவலர் வீடுவீடாக விபரம் சேகரிப்பார். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் சொல்வதுதான் எழுதப்படும். பிள்ளை கொழும்பில் வேலை செய்கிறான் என்று சொல்லிவிட்டு, அவனுடைய பெயரைச் சேர்க்கச் சொல்ல மறந்துவிடும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே விபரம் கேட்கும் காலத்தில் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, உங்கள் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வாசித்துக் காட்டுங்கள். ஆண்டின் இடையில் பதினெட்டு வயது நிறைபவர்களைச் சேர்க்கக் குறைநிரப்புப் பட்டியல் முறை இருக்கிறது. அதையும் கிராம அலுவலரிடமே கேட்கலாம்.

பிறகு, பெயர் உண்மையில் ஏறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இடாப்பு கிராம அலுவலர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் பார்வைக்கு வைக்கப்படும். தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தும் பார்க்கலாம். பெயர் இல்லையென்றால் உரிமைக்கோரிக்கை செய்வதற்கென்று ஒரு காலம் உண்டு. அதைத் தவறவிட்டால் அடுத்த இடாப்புவரை காத்திருக்க வேண்டியதுதான். என் வீட்டிலேயே ஒருமுறை இது நடந்தது. இடாப்பில் தங்கையின் பெயர் தந்தையின் பெயரோடு இடம் மாறி அச்சாகியிருந்தது. ஓர் அலுவலகத்தில் "பரவாயில்லை, சமாளிக்கலாம்" என்றார்கள், நாங்களும் விட்டுவிட்டோம். வாக்களிப்பு நாளன்று அவள் மேசைக்கு மேசை விளக்கம் சொல்லி, அரை மணி நேரம் நின்ற பிறகே சீட்டு கைக்கு வந்தது. பிழையைக் கண்ட அன்றே எழுத்தில் திருத்தம் கேளுங்கள்.

ஒருவர் ஓர் இடத்தில் மட்டுமே பதியலாம். 1990 இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பலர் புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே மன்னாரில் பதிவை வைத்திருந்து, தேர்தலன்று பஸ்களில் ஊருக்கு வந்து வாக்களித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். பதிவின் பெறுமதியை அவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு இதற்கு முன்னால் இன்னும் ஒரு படி இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை ஆவணம் முதலில் வேண்டும். அதன் பிறகே அடையாள அட்டை, அதன் பிறகே இடாப்பு. இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டி மற்றொன்றுக்குப் போக முடியாது. மாதக்கணக்கில் ஆகலாம். தேர்தல் பேச்சு எழாத காலத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

அட்டைகளும் விடுமுறையும்

தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் தபால்காரர் வாக்காளர் அட்டையைக் கொண்டுவருவார். வராவிட்டால் உங்கள் பகுதி அஞ்சலகத்தில் கேட்டுப் பெறலாம். அது கையில் இல்லாவிட்டாலும், இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். ஆனால் ஆளடையாள ஆவணம் இல்லாமல் முடியாது. தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், முதியோர் அடையாள அட்டை போன்றவை ஏற்கப்படும். இவற்றில் எதுவுமே இல்லாதவருக்குத் தேர்தல் ஆணைக்குழு தற்காலிக அடையாள அட்டை கொடுக்கிறது. புகைப்படத்தோடு கிராம அலுவலர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. பார்வைக் குறைபாடோ உடல் இயலாமையோ உள்ளவர்கள் உதவிக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். அதற்கான சான்றிதழ்ப் படிவமும் கிராம அலுவலரிடம் கிடைக்கும்.

கொழும்பிலோ கட்டுநாயக்காவிலோ வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தபால் மூல வாக்கு அவர்களுக்கு இல்லை, அது அரச ஊழியர்கள், பொலிஸார், படையினர் போன்றவர்களுக்கு உரியது. ஆனால் சம்பளத்தோடு விடுமுறை கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. தனியார் துறைக்கு வகுக்கப்பட்ட அளவு இது: வேலைத்தலத்திலிருந்து வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150 க்கு மேல் இரண்டு நாள். கொழும்பிலிருந்து வவுனியாவே 250 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. முல்லைத்தீவு இன்னும் தூரம். ஆகவே உங்களுக்கு இரண்டு நாள். எழுத்தில் விண்ணப்பித்து, பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் டிக்கெட்டையும் அன்றே பதிவு செய்யுங்கள், தேர்தலுக்கு முந்திய இரவு ஏ9 பஸ்களில் நிற்கவும் இடம் கிடைக்காது.

வாக்களிப்பு நிலையத்துக்குள்

2024 நவம்பர் 14 அன்று நடந்த பாராளுமன்றத் தேர்தலில் காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை வாக்களிப்பு நடந்தது. 2020 இல் மாலை 5 மணி வரை இருந்தது. நேரம் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், வாக்காளர் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மழையில் நெடுங்கேணிப் பக்கத்து ஒழுங்கைகள் எப்படிக் கிடக்கும் என்று தெரியாதவர்களா நாம்? மதியத்துக்கு முன் போய்விடுவது நல்லது.

கைத்தொலைபேசியை உள்ளே பயன்படுத்தக் கூடாது, படம் எடுக்கவே கூடாது. வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். உள்ளே முதல் மேசையில் உங்கள் பெயரையும் இடாப்பு இலக்கத்தையும் உரத்து வாசிப்பார்கள். முதல்முறை போகும் பிள்ளைகள் இதைக் கேட்டுத் திடுக்கிடுவதைக் கண்டிருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை, அங்கே அமர்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் குறித்துக்கொள்வதற்காகவே அப்படி வாசிக்கிறார்கள். பிறகு விரலில் மை. பிறகு சீட்டு. சீட்டைக் கையில் வாங்கியதும் அதில் உத்தியோகபூர்வ முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். முத்திரை இல்லாத சீட்டு எண்ணப்படாது.

மறைப்புக்குள் போனபின் உங்களை அவசரப்படுத்த எவருக்கும் உரிமை இல்லை. வன்னியின் சீட்டு நீளமானது. கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களுமாக வரிசை இறங்கிக்கொண்டே போகும். முழுவதையும் விரித்து, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை விரலால் தடவிக்கொண்டு போங்கள். ஒன்றையொன்று ஒத்த பெயர்களும் சின்னங்களும் இருக்கும்.

இனிப் புள்ளடி. இதில் நிதானம் வேண்டும்.

முதல் புள்ளடி, நீங்கள் விரும்பும் கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் பெயருக்கும் சின்னத்துக்கும் நேரே உள்ள வெற்றுக் கட்டத்தில். ஒன்றே ஒன்று. இதுதான் உங்கள் வாக்கு. இது இல்லையென்றால் கீழே நீங்கள் என்ன செய்தாலும் சீட்டு செல்லாது.

அதன் பிறகு, விரும்பினால், சீட்டின் அடியில் உள்ள இலக்கங்களில் ஒன்றின் மேலோ இரண்டின் மேலோ மூன்றின் மேலோ புள்ளடி. அவைதான் விருப்பு வாக்குகள். வன்னியில் ஒரு பட்டியலில் ஒன்பது வேட்பாளர்கள், அதாவது ஆசனங்கள் ஆறு, அதற்கு மேல் மூன்று. உங்களுக்குப் பிடித்த வேட்பாளரின் இலக்கத்தை வீட்டிலேயே மனதில் பதித்துக்கொண்டு போங்கள், சீட்டில் அவருடைய பெயர் இருக்காது. நீங்கள் மேலே தெரிந்த கட்சியின் வேட்பாளர்களுக்கே அந்த இலக்கங்கள் பொருந்தும். ஒரு கட்சிக்குப் புள்ளடி போட்டு, மனதில் வேறு கட்சிக்காரரின் இலக்கத்தை வைத்துக் குறித்தால், அந்த விருப்பு முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். மூன்றுக்கு மேல் குறித்தால் விருப்பு வாக்குகள் எல்லாம் வீணாகும், கட்சிக்கான வாக்கு மட்டும் நிற்கும்.

1, 2, 3 என்று எழுதுவது ஜனாதிபதித் தேர்தலில். பாராளுமன்றத் தேர்தலில் எழுத்தோ எண்ணோ வேண்டாம், புள்ளடி மட்டுமே. எட்டு மாதங்களுக்குள் மூன்று தேர்தல்கள் வந்ததால் இந்தக் குழப்பம் இன்னும் கூடிவிட்டது: 2024 செப்டம்பர் 21 இல் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 இல் பாராளுமன்றம், 2025 மே 6 இல் உள்ளூராட்சி. உள்ளூராட்சியில் ஒரே ஒரு புள்ளடிதான், விருப்பு வாக்கே கிடையாது. மூன்றுக்கும் மூன்று விதம். வீட்டு முதியவர்களுக்கு ஒரு தாளில் கட்டங்கள் கீறி, அதில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. மேலே நான் சொன்ன அந்தச் சீட்டுக்கு உரியவரின் வீட்டில் யாராவது இதைச் செய்திருந்தால் அது கட்டு மாறிப் போயிருக்காது.

கை தவறிப் பிழையாகப் போட்டுவிட்டால் சீட்டைப் பெட்டிக்குள் போடாதீர்கள். பழுதான சீட்டை அலுவலரிடம் திருப்பிக் கொடுத்து வேறொன்று கேட்கலாம். கூச்சப்பட வேண்டாம். உங்கள் பெயரையோ கையொப்பத்தையோ சீட்டில் எழுதவும் வேண்டாம்.

ஆறு ஆசனங்கள் எப்படிப் பிரிகின்றன

அதிக வாக்கு எடுத்த கட்சிக்கே ஆறும் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. 2020 இன் வன்னி முடிவை எடுத்து, கையால் கணக்குப் போட்டே பார்ப்போம்.

முதலில், இருபதில் ஒரு பங்கு, அதாவது ஐந்து சதவீத வாக்குப் பெறாத கட்சிகளும் குழுக்களும் கணக்கிலிருந்து நீங்குகின்றன. 2020 இல் நான்கு கட்சிகள் எஞ்சின. தமிழரசுக் கட்சி 69,916, பொதுஜன பெரமுன 42,524, ஐக்கிய மக்கள் சக்தி 37,883, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 11,310. கூட்டினால் 161,633.

அடுத்து, முதலிடம் பெற்ற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அது தமிழரசுக் கட்சிக்குப் போனது. மிகுதி ஐந்து ஆசனங்கள். 161,633 ஐ ஐந்தால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை 32,327 வாக்குகள் என்று வருகிறது. தமிழரசுக் கட்சியின் வாக்கில் அது இரண்டு முறை அடங்கும், மீதி 5,262. பெரமுனவில் ஒரு முறை, மீதி 10,197. ஐக்கிய மக்கள் சக்தியில் ஒரு முறை, மீதி 5,556. நான்காவது கட்சியில் ஒரு முறையும் அடங்கவில்லை, 11,310 முழுவதும் மீதி.

நான்கு ஆசனங்கள் முடிந்தன, ஒன்று நிற்கிறது. அது பெரிய மீதி வைத்திருப்பவருக்கு. 10,197 க்கும் 11,310 க்கும் இடையே 1,113 வாக்குகள்தான். ஐந்து சதவீதத்தைச் சற்றே தாண்டி 5.44 எடுத்த கட்சி ஓர் உறுப்பினரை அனுப்பியது. அந்த 1,113 என்பது நம் பக்கத்துப் பெரிய கிராமம் ஒன்றின் வாக்கு. வாக்கெண்ணும் மண்டபத்தில் இந்தக் கழித்தல் கணக்கைப் பார்த்தவர் எவரும் "என் ஒரு வாக்கால் என்ன ஆகும்" என்று பிறகு சொல்லமாட்டார். ஆசனங்கள் குறைவான மாவட்டத்தில் கடைசி ஆசனம் இப்படித்தான் தீர்மானமாகிறது.

2024 இல் இன்னும் சிதறிப் போனது. தேசிய மக்கள் சக்தி 39,894 வாக்குகளோடு இரண்டு ஆசனங்கள் பெற்றது. ஐக்கிய மக்கள் சக்தி 32,232, தமிழரசுக் கட்சி 29,711, ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி 21,102, இலங்கைத் தொழிற் கட்சி 17,710 என்று நான்கு கட்சிகளுக்கு ஒவ்வொன்று. ஐந்து சதவீதத்தை எட்டாத பட்டியல்களுக்குப் போன வாக்குகள் இந்தப் பங்கீட்டில் சேரவே இல்லை. எந்தக் குழுவுக்கு வாக்களிப்பது என்பது உங்கள் மனச்சாட்சி, அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் இந்த விதியைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கட்சிக்கு எத்தனை ஆசனங்கள் என்று முடிவான பிறகே விருப்பு வாக்கு பேசுகிறது. அந்தக் கட்சிப் பட்டியலில் அதிக விருப்பு வாக்குப் பெற்றவர் முதலில் உள்ளே போவார். இங்கேதான் வன்னிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று நிர்வாக மாவட்டங்கள், ஆறு ஆசனங்கள். ஆளுக்கு இரண்டு என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. 2024 இடாப்பில் 306,081 வாக்காளர்கள்: வவுனியாவில் 128,585, மன்னாரில் 90,607, முல்லைத்தீவில் 86,889. எண்ணிக்கையில் சிறிய மாவட்டத்தவர் விருப்பு வாக்கைப் போடாமல் வெறும் கட்சிப் புள்ளடியோடு திரும்பினால், தங்கள் மண்ணின் பிரச்சினை தெரிந்தவர் பட்டியலில் பின்னுக்குப் போய்விடுவார். கொக்கிளாய்க் கடலின் தொழில் வேறு, மடுப் பக்கத்துக் காட்டோரப் பயிர் வேறு, வவுனியா நகரின் கவலை வேறு. ஆகவே குறைந்தது ஒரு விருப்பு வாக்கையாவது பாவியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாகாணசபையின் முறை கொஞ்சம் வேறு. அங்கே ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனி. வடக்கின் 38 ஆசனங்களில் மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் ஐந்தைந்து, வவுனியாவுக்கு ஆறு, கிளிநொச்சிக்கு நான்கு. ஆனால் வட மாகாணசபைக்கு 2013 செப்டம்பர் 21 இல் நடந்ததுதான் முதலாவது தேர்தல். அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் வளர்ந்து வாக்குரிமை பெற்ற பிள்ளைகள் தங்கள் மாகாணசபைக்கு ஒருமுறையும் வாக்களித்ததில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

முடிவு வரும் இரவு

தபால் மூல வாக்குகளின் முடிவு பெரும்பாலும் முதலில் வரும். அதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள், அது அரச ஊழியர்களின் வாக்கு மட்டுமே. பிறகு மன்னார், முல்லைத்தீவு, வவுனியாத் தொகுதி முடிவுகள் தனித்தனியாக வரும். தொகுதியில் வென்றவர் என்று எவரும் இல்லை, மூன்றையும் தபால் வாக்கையும் கூட்டியபின் வரும் மாவட்ட முடிவிலேயே ஆசனங்கள் பிரியும். விருப்பு வாக்கு எண்ணி முடிய இன்னும் நேரமாகும். அதுவரை வெடி கொளுத்துபவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

விடிந்து, விரலில் மை இருக்கும்போதே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் பதினேழு வயதில் யாராவது இருந்தால், அவருடைய பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் அடையாள அட்டையின் பிரதியையும் எடுத்து, கிராம அலுவலருக்கு என்று மேலே எழுதிய உறையில் போட்டு, அலுமாரியில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். அடுத்த முறை கிராம அலுவலர் வாசலில் வந்து நிற்கும்போது அம்மா மட்டும் வீட்டில் இருந்தாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்.